தோல்விக்குக் கையெழுத்திடும் ஆட்டம்

சதுரங்கம் வாழ்க்கைக்குப் பாடம் சொல்லும் என்ற நம்பிக்கை பழையது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1786-இல் சதுரங்கம் பழக்கும் நற்பண்புகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். முன்யோசனை, சுற்றும் முற்றும் பார்க்கும் குணம், எச்சரிக்கை, நிலைமை மோசமானாலும் மனம் தளராமை ஆகிய நான்கையும் இந்த ஆட்டம் ஊட்டிவிடும் என்று அதில் வாதிட்டார். அதன்பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போயிருக்கிறது. நினைவாற்றல் பெருகும், கணக்கில் மதிப்பெண் கூடும், கவனம் குவியும், தலைமைப் பண்பு வளரும் என்று பயிற்சி வகுப்புகளின் துண்டறிக்கைகள் அடுக்குகின்றன. இவற்றில் எது மெய், எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்கப் போதுமான ஆய்வுகள் இப்போது நம்மிடம் உள்ளன. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் முடிவு இது: சதுரங்கம் மூளையைப் பொதுவாகக் கூர்மையாக்குகிறது என்பதற்கான சான்று மிக மெலிது. ஆனால் தான் எடுத்த முடிவுக்குத் தானே பொறுப்பேற்று, தவறிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை மற்ற ஆட்டங்களைவிட நன்றாகக் கற்றுத்தரும் வசதி அதற்கு உண்டு. அந்தப் பழக்கமும் காய்களை நகர்த்திக்கொண்டிருப்பதால் மட்டும் வந்துவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடவில்லை. மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்க மன்றம் தொடங்கியது. அங்கே ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டை நடத்தியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டவர். இவ்வளவு நடந்திருக்கும் இடத்தில் பெற்றோருக்கு ஆசை வருவது இயல்பு. ஆனாலும் மாதக் கட்டணம் கட்டும் பெற்றோரில் பெரும்பாலோர் தம் பிள்ளை உலக சாம்பியன் ஆவான் என்று எண்ணிக் கட்டுவதில்லை. ‘படிப்புக்கு நல்லது’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் கட்டுகிறார்கள். ஆகவே அந்தச் சொல்லை முதலில் சோதித்துவிடுவோம்.

சதுரங்க வல்லுநரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, நெதர்லாந்தின் உளவியலாளர் அத்ரியான் டி குரூட். அவரே ஒலிம்பியாட்டில் ஆடியவர். கிராண்ட்மாஸ்டர்கள் மற்றவர்களைவிடப் பல நகர்த்தல்கள் முன்னே கணக்குப் போடுவதால்தான் வெல்கிறார்கள் என்பது அதுவரை பொதுவான எண்ணம். 1946-இல் வெளிவந்த அவருடைய ஆய்வேடு அதை அசைத்தது. கணக்கின் ஆழத்தில் கிராண்ட்மாஸ்டருக்கும் அவரைவிடக் கீழ்நிலையில் உள்ள நல்ல ஆட்டக்காரருக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பலகையைக் கண்ட சில நொடிகளிலேயே எங்கே பார்க்க வேண்டும் என்பது கிராண்ட்மாஸ்டருக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினர். உண்மையான ஓர் ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடிகள் காட்டி மறைத்தால் வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கிவிடுகிறார். புதியவர் சிலவற்றோடு நின்றுவிடுகிறார். அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினால் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே தடுமாறுகிறார்கள். பின்வந்த ஆய்வுகள் அப்போதும் வல்லுநருக்குச் சிறு முன்னிலை உண்டு என்று திருத்தின. அந்த முன்னிலை மிகச் சிறியது. வல்லுநரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் அன்று, ஆயிரக்கணக்கான சதுரங்க அமைப்புகளைப் பற்றிய நினைவு என்பதே இதன் பொருள். சிசிலியன் தடுப்பாட்டம் என்னும் ஆட்டத் தொடக்கத்தை இருபது நகர்த்தல்கள் வரை ஒப்பிக்கும் சிறுவனுக்கு வரலாற்றுப் பாடத்தின் ஆண்டுகள் நினைவில் நிற்காமல் போவதில் வியப்பில்லை.

ஒரு துறையில் பழகிய திறமை இன்னொரு துறைக்குத் தானாகத் தாவுமா என்ற கேள்வியைக் கல்வி உளவியல் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. தார்ன்டைக்கும் வுட்வொர்த்தும் 1901-இலேயே இதைச் சோதித்து, இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவே தாவும் என்று கண்டனர். லத்தீன் படித்தால் அறிவு பொதுவாகத் தீட்டப்படும் என்று ஐரோப்பியப் பள்ளிகள் நம்பியிருந்த காலம் அது. இன்று லத்தீன் இருந்த இடத்தில் சதுரங்கம் உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2016-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில் நூறு பள்ளிகளும் சுமார் நாலாயிரம் குழந்தைகளும் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் தேர்ந்த பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு 30 மணி நேரம் வரை சதுரங்கம் கற்பிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து நடந்த கணிதத் தேர்வில் இரு தரப்புக் குழந்தைகளுக்கும் வேறுபாடு இல்லை. வாசிப்பிலும் அறிவியலிலும் அதே கதை. அதே ஆண்டில் சாலா, கோபெட் ஆகிய இருவர் இருபத்து நான்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது மிதமான ஒரு நற்பயன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சதுரங்கம் கற்ற குழந்தைகளை எதுவும் புதிதாகக் கற்காத குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தன. புதிய ஆசிரியர், புதிய வகுப்பு, தம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உற்சாகம் ஆகியவற்றின் பயன் எவ்வளவு, சதுரங்கத்தின் பயன் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. இக்குறையை அந்த ஆய்வாளர்களே எடுத்துச் சொன்னார்கள். ஆய்வு எவ்வளவு கண்டிப்பாக வடிவமைக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் சுருங்குகிறது என்பது இந்தத் துறை முழுவதிலும் காணப்படும் போக்கு.

வங்கதேசத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வு சற்று வேறுவிதமானது. கணக்கு மதிப்பெண்ணில் அது கண்ட முன்னேற்றம் கடுமையான புள்ளியியல் சோதனைக்குப் பிறகு உறுதியாக நிற்கவில்லை. படைப்பாற்றலிலும் கவனத்திலும் மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஆபத்தைக் கண்டு பின்வாங்கும் இயல்பு அந்தப் பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஓராண்டு கழிந்தும் அது நிலைத்திருந்தது. இதை நாம் மனத்தில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணைத் தேடிப் போனவர்களுக்கு மனப்பாங்கில் ஒரு மாற்றம் கிடைத்திருக்கிறது. தோற்றாலும் பெரிதாக எதுவும் பறிபோகாத ஓர் இடத்தில் மறுபடி மறுபடி துணிந்து பார்க்கும் வாய்ப்பு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, மதிப்பெண் போகட்டும். தர்க்கமாவது பலகையை விட்டு வெளியே வருமா? பொருளியலாளர்கள் இதைச் சோதிக்க ஒரு பண விளையாட்டைப் பயன்படுத்தினர். இருவர் நடுவே ஒரு தொகை இருக்கும். முறை வரும்போது பெரிய பங்கை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கலாம், அல்லது அடுத்தவருக்கு விடலாம். விட்டால் தொகை பெருகும். கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தால் முதல் முறையிலேயே எடுத்துக்கொள்வதுதான் தர்க்கப்படி சரி. சாதாரண மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. கொஞ்ச நேரம் விட்டுக்கொடுத்துப் பார்க்கிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வொன்றில் சதுரங்க ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் உடனே எடுத்துக்கொண்டனர். கிராண்ட்மாஸ்டர்கள் எல்லோருமே அப்படிச் செய்தனர். 2011-இல் லெவிட், லிஸ்ட், சாடாஃப் ஆகியோர் மறுபடி செய்து பார்த்தபோது கிராண்ட்மாஸ்டர்களும் மற்றவர்களைப் போலவே விட்டுக்கொடுத்தார்கள். எது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. முதல் ஆய்வே சரி என்று வைத்துக்கொண்டாலும், எதிரே இருப்பவரை ஒரு கணமும் நம்பாமல் கிடைத்ததைச் சுருட்டிக்கொள்வது நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் பெரிய மனிதர்களை எடுத்துக்காட்டி வாதிடுவோர் உண்டு. இருபத்தேழு ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் தேர்ந்த கணித அறிஞர். இன்னொரு உலக சாம்பியன் மிகைல் போட்வின்னிக் மின்பொறியியலில் ஆய்வு செய்தவர். ஆனந்தின் பண்பட்ட நடத்தை உலகறிந்தது. சதுரங்கம் மனிதரைச் செதுக்கும் என்பதற்கு இவர்கள் சாட்சி என்றால், மறுதரப்புச் சாட்சிகளையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். 1972-இல் ரெய்க்யவிக்கில் பட்டம் வென்ற பாபி ஃபிஷர் அதன்பின் இருபது ஆண்டுகள் போட்டியாட்டமே ஆடவில்லை. வெறுப்புப் பேச்சும் சந்தேகமும் அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தின்றுவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வியப்பான பால் மார்ஃபி, ஆட்டத்தை விட்டபின் வழக்கறிஞராக நிலைகொள்ள முடியாமல் மறைந்தார். உலக சாம்பியனாக இருந்த அலெக்சாண்டர் அலெஹினின் பெயரில் 1941-இல் நாஜிகளின் இதழில் யூதர்களை இழிவுபடுத்தும் கட்டுரைகள் வந்தன. முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் பலகையில் யாருக்கும் அஞ்சாதவர். ரஷ்ய அரசியலில் இறங்கியபோது 2008 தேர்தலில் வேட்பாளராக நிற்கவே அவருக்கு வழி கிடைக்கவில்லை, 2013-இல் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவர் குறைந்துபோனார் என்று இதற்குப் பொருளில்லை. எதிராளி நினைத்தபோது விதியை மாற்றிக்கொள்ளும் களத்தில் பலகையின் திறமைக்கு வேலை குறைவு. உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் இரு பக்கமும் இருப்பதால், சாம்பியன்களின் வாழ்க்கைக் கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இவ்வளவையும் கழித்தபின் எஞ்சுவது என்ன? ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். தாயத்தில் தோற்றவர் கட்டையைக் குறை சொல்லலாம். சீட்டில் கை சரியாக விழவில்லை எனலாம். கிரிக்கெட்டில் டாஸ் உண்டு, ஆடுகளம் உண்டு, நடுவர் உண்டு, கேட்சை விட்ட சக ஆட்டக்காரர் உண்டு. சதுரங்கத்தில் இவை எதுவும் இல்லை. இரு தரப்புக்கும் ஒரே படை, மறைவாக எதுவும் இல்லை. யார் வெள்ளை என்பது மட்டுமே சிறு வேறுபாடு, அதுவும் போட்டியில் மாறிமாறி வரும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், வைத்த காயைத் திரும்ப எடுக்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று, ஒவ்வொரு நகர்த்தலையும் இரு ஆட்டக்காரர்களும் தம் கையால் தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும் என்பது. ஆட்டம் முடிந்ததும் முடிவைக் குறித்து இருவரும் அந்தத் தாள்களில் கையெழுத்திடுகிறார்கள். தன் தோல்வியைத் தானே எழுத்தில் ஒப்புக்கொண்டு, அது எப்படி வந்தது என்பதற்கான முழு ஆவணத்தோடு வீடு திரும்பும் வழக்கம் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இதே விதிதான்.

இதன் மதிப்பை உளவியல் வேறொரு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. அனுபவசாலியின் உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பது பற்றி நேரெதிர்க் கருத்துடைய டேனியல் கானெமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய ஆய்வில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள்: சூழல் ஒழுங்கான விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், செய்ததன் விளைவு செய்தவருக்குத் தெளிவாகத் திரும்பிவர வேண்டும். இரண்டையும் நிறைவேற்றும் களங்களில் சதுரங்கம் முதன்மையானது. வாழ்க்கையில் இந்த இரண்டுமே அரிது. திருமணத்தில், தொழிலில், பிள்ளை வளர்ப்பில் எடுத்த முடிவின் விளைவு பத்து ஆண்டுகள் கழித்து வரும். வரும்போது அதோடு நூறு பிற காரணங்களும் கலந்து வரும். ஆகவே வாழ்க்கை நம் தவறுகளை நமக்குச் சரியாகக் காட்டுவதில்லை. நாமும் வசதியாகப் பழியை மாற்றிவைத்துக்கொள்கிறோம். வாழ்க்கையிலிருந்து இப்படி வேறுபட்டிருப்பதால்தான் சதுரங்கம் ஒரு நல்ல பயிற்சிக்களம் ஆகிறது. வாழ்க்கையும் சதுரங்கமும் ஒன்று என்று மேடைதோறும் சொல்லப்படும் உவமை, இந்த வேறுபாட்டைத்தான் மறைத்துவிடுகிறது.

பயிற்சியின் உயிர் ஆட்டத்துக்குப் பிறகு நடக்கும் அலசலில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் இதைப் போஸ்ட்மார்ட்டம் என்பார்கள். கைகுலுக்கிய இருவரும் பலகையை மறுபடி அடுக்கி, ‘இங்கே நீ குதிரையை எடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா’ என்று ஒருவருக்கொருவர் மறைத்துவைத்திருந்ததைத் திறந்து காட்டுவார்கள். சற்று முன்வரை எதிராளியாக இருந்தவர் இப்போது உண்மையைத் தேடுவதில் கூட்டாளி. போட்வின்னிக் தம் மாணவர்களுக்கு வலியுறுத்தியது இதைவிடக் கடுமையானது: உன் ஆட்டங்களை நீயே ஆராய்ந்து எழுது, அதை வெளியிடு, மற்றவர்கள் உன் பிழையைக் காட்டட்டும் என்றார். டப்ளினில் மிஷெல் கௌலி, ரூத் பைர்ன் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தின் பயனைக் காட்டுகிறது. ஒரு நகர்த்தலை யோசிக்கும்போது புதியவர்கள் தம் திட்டம் பலிக்கும் வழிகளையே கற்பனை செய்தார்கள். எதிராளி தமக்குச் சாதகமாக ஆடுவார் என்று எண்ணிக்கொண்டார்கள். வல்லுநர்களோ தம் திட்டத்தை உடைக்கும் பதிலைத் தேடினார்கள். தன் கருத்தைத் தானே பொய்ப்பிக்க முயல்வது மனித மனத்துக்கு எவ்வளவு அரிய காரியம் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். அறிவியலில் பயிற்சி பெற்றவர்களே அதில் தடுக்கி விழுகிறார்கள்.

அந்தப் பழக்கமும் முழுக் காப்பு ஆகாது. பிலாலிச், மக்லியாட், கோபெட் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், நன்கு பழக்கமான ஒரு வெற்றிவழி தெரியும் நிலையை வல்லுநர்களுக்குக் கொடுத்தனர். அதில் அதைவிடக் குறுகிய வழியும் இருந்தது. பழகிய வழியைக் கண்டவர்கள், வேறு நல்ல வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பதாகவே சொன்னார்கள். கண்ணசைவைப் பதிவுசெய்த கருவியோ, பழகிய வழிக்குரிய கட்டங்களையே அவர்கள் கண் திரும்பத் திரும்ப மேய்ந்ததைக் காட்டியது. திறந்த மனத்தோடு பார்க்கிறோம் என்று நாம் நேர்மையாக நம்பும்போதும் மனம் திறந்திருப்பதில்லை. உலகின் முதல் வரிசைக்கும் இது பொருந்தும். 2006-இல் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், கணினிக்கு எதிராக, அடுத்த நகர்த்தலிலேயே தமக்கு மேட் விழும் என்பதைக் காணாமல் ராணியை நகர்த்தினார். 2014-இல் சோச்சியில் கார்ல்சனுக்கும் ஆனந்துக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் இருபத்தாறாவது நகர்த்தலில் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் திரும்பியிருக்கும். ஆனந்தோ அதிகம் யோசிக்காமல் ஓரத்துச் சிப்பாயை முன்னே தள்ளினார். இருவருமே அடுத்தடுத்து ஒரே இடத்தில் குருடாக இருந்தார்கள். கார்ல்சன் தவறுவார் என்ற எதிர்பார்ப்பே அங்கே இல்லை. எதிர்பாராததைக் கண் தேடுவதில்லை. அந்த ஆட்டத்தையும், பின்னர் பட்டத்தையும் கார்ல்சன் வென்றார். அறிவு போதாமல் நேரும் தவறுகளைவிட, அறிவு தரும் நம்பிக்கையால் நேரும் தவறுகளைச் சதுரங்கம் நமக்குத் துல்லியமாகக் காட்டுகிறது.

குகேஷ் வென்ற 2024 போட்டியையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது. ‘விடாமுயற்சிக்குக் கிடைத்த வெற்றி’ என்று அதை ஒரு வரியில் முடித்துவிட்டோம். முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடித் தோற்றார், மூன்றாவதை வென்று சமன்செய்தார், பதினொன்றாவதை வென்று முன்னேறி, பன்னிரண்டாவதைத் தோற்று அந்த முன்னிலையை இழந்தார். பதினான்காவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிரா ஆகிவிடும் என்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் கருதிய நிலையில் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைக்க, எஞ்சிய காய்கள் வெட்டுப்பட்டு, சிப்பாய்கள் மட்டுமே மிஞ்சிய தோல்வி நிலை டிங்குக்கு வந்தது. இதில் நான் காண்பது ஒரு கால ஒழுங்கு. கடிகாரம் ஓடும்போது போன தவறை நினைத்து வருந்தக்கூடாது. கடிகாரம் நின்றபின் அந்தத் தவறைப் பார்க்காமல் விடக்கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: காரியம் நடக்கும்போது வருந்துகிறார்கள், முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த நாள்களில் ஒரே எதிராளியைச் சந்திக்க வேண்டிய நீண்ட போட்டி, இந்த ஒழுங்கு இல்லாதவரை இரண்டாம் வாரத்தில் உடைத்துவிடும்.

எதிர்வாதங்களில் வலுவானது, சதுரங்கம் தவறான பாடங்களையும் கற்பிக்கிறது என்பது. இதை நான் பெரிதும் ஏற்கிறேன். பலகையில் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே. குடும்பத்திலும் வணிகத்திலும் ஊர்ப் பொதுக்காரியத்திலும் அப்படி நினைப்பவர் கடைசியில் தனியாக நிற்பார். காய்களுக்குச் சொந்த விருப்பம் கிடையாது. நம் அரசியல் செய்திகள் தலைவர்களைக் காய் நகர்த்துபவர்களாக எழுதி எழுதி, நகர்த்தப்படுவோர் மனிதர்கள் என்பதையே மறக்கச் செய்துவிட்டன. இவற்றைவிட நுட்பமான ஆபத்து, நான் புகழ்ந்த பண்பிலேயே இருக்கிறது. எல்லாத் தோல்விக்கும் காரணம் நானே என்ற எண்ணம் பலகையில் சரி. ஆலை மூடப்பட்டு வேலை இழந்தவர் தன் நகர்த்தலில் பிழை தேடினால் அது தன்னையே வதைப்பது ஆகும். பலகைக்குள் சமத்துவம் முழுமையானது. பலகைக்கு வந்துசேரும் பாதை அப்படி இல்லை. பயிற்சியாளர் கட்டணம், வெளிநாட்டுப் பயணம், உடன் செல்ல ஒரு பெற்றோர் எல்லாம் வேண்டும். குகேஷுடன் பயணிப்பதற்காக அவருடைய தந்தை மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். எத்தனை வீடுகளில் அது முடியும்? சென்னையின் வைஷாலி 2023-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது நாட்டில் அந்தப் பட்டம் பெற்றவர்கள் எண்பதுக்கு மேல். அவர்களில் பெண்கள் அவரோடு சேர்த்து மூவர். பெண்களின் நகர்த்தல்கள் பலவீனமானவை என்று இதற்கு விளக்கம் சொல்வோர், மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க மறுப்பவர்கள். ஆகவே எது தன் பிழை, எது தன் கையில் இல்லாதது என்று பிரித்தறிவதையும் சேர்த்துக் கற்பிக்காத சதுரங்கப் பாடம் அரைப் பாடம்.

இன்னொரு எதிர்வாதம் பெற்றோரிடமிருந்து வரும்: ஆய்வு என்ன சொன்னாலும் எங்கள் பிள்ளை மாறியிருக்கிறான், ஓரிடத்தில் உட்காருகிறான், யோசித்துப் பேசுகிறான் என்பார்கள். மாறியிருக்கலாம். ஆனால் ஓரிடத்தில் உட்காரும் இயல்புள்ள பிள்ளைகளே சதுரங்கத்தில் தங்குகிறார்கள், மற்றவர்கள் சில மாதங்களில் விலகிவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் எந்தப் பிள்ளையும் வளரத்தான் செய்யும். இவற்றைக் கழித்தபின்னும் ஏதோ மிஞ்சுகிறது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அது ஏன் சில பிள்ளைகளிடம் மட்டும் தெரிகிறது என்பதற்கு, கற்றது இடம்பெயர்வது பற்றி 1980-களில் டேவிட் பெர்கின்ஸும் கவ்ரியல் சாலமனும் எழுதியவை உதவுகின்றன. கற்றதன் பின்னுள்ள கொள்கையைச் சொல்லில் எடுத்து, ‘இதை வேறு எங்கே பயன்படுத்தலாம்’ என்று யாராவது கேட்டுப் பழக்கினால் அது இடம்பெயரும். கேட்காவிட்டால் கற்ற இடத்திலேயே கிடக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பயிற்சியாளரோ தாயோ வாய்த்த பிள்ளைகளிடம்தான் மாற்றம் நிற்கிறது என்று நினைக்கிறேன். ‘ஜெயிச்சியா?’ என்று கேட்கப்படும் பிள்ளை ரேட்டிங் எண்ணைக் காக்கக் கற்றுக்கொள்கிறது. ‘எங்கே மாறிச்சு?’ என்று கேட்கப்படும் பிள்ளை திருத்தப்பட்ட தேர்வுத்தாளையும் அதே கண்ணோடு புரட்டத் தொடங்கும்.

இன்று இந்தப் பழக்கத்துக்குப் புதிய இடையூறு ஒன்று வந்திருக்கிறது. 1997-இல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐபிஎம் நிறுவனத்துக்கு ஒரு பெருங்கணினி தேவைப்பட்டது. அதைவிட வலுவான நிரல் இப்போது கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டம் முடிந்த மறுகணம் எது பிழை என்று சிவப்புக் குறியோடு அது காட்டிவிடும். பிழை எங்கே என்பது தெரிகிறது. அந்த நேரத்தில் தன் தலைக்குள் ஓடியது என்ன, ஏன் அது சரியென்று பட்டது என்பதை எந்த நிரலும் சொல்லாது. அதைத் தேடும் உழைப்பைத்தான் நான் இதுவரை பாடம் என்று சொல்லிவந்தேன். தவிர, இணையத்தில் மூன்று நிமிட ஆட்டங்களை அடுத்தடுத்து ஆடும் பிள்ளை எழுதுவதும் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் கண்முன் ஒளிர்கிறது. அங்கே கடிகாரம் நிற்பதே இல்லை.

பள்ளிகளில் சதுரங்கம் வேண்டாம் என்பது இவற்றின் முடிவாகாது. அர்மீனியா 2011 முதல் தொடக்கப் பள்ளிகளில் அதைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கிறது. இசைக்கும் ஓவியத்துக்கும் கணக்கு மதிப்பெண்ணைக் காட்டி நாம் இடம் கேட்பதில்லை; ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக மனித அறிவு ஊறிவந்த ஓர் ஆட்டத்துக்கும் அந்தச் சிபாரிசு தேவையில்லை. ஆனால் வகுப்பு நடத்துவோர் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம். மூளைத்திறன் கூடும், மதிப்பெண் ஏறும் என்ற வாக்குறுதிகளைத் துண்டறிக்கையிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் பாதியை அலசலுக்கு ஒதுக்குங்கள். முதல் சில நிமிடங்களாவது நிரலின் உதவியின்றி, தோற்ற பிள்ளையே தன் வாயால் ஆட்டத்தைச் சொல்லட்டும். வென்ற பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்கட்டும். அரசும் கொடையாளர்களும் பள்ளிகளுக்குப் பலகையும் காய்களும் வாங்கித் தருகிறார்கள். அடுத்த முறை அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள்.